மடக்கை அச்சு: சொல் விளக்கம்

சாதாரண தர வகுப்பில் மடக்கை அட்டவணையைப் புரட்டிய மட்டக்களப்பு மாணவருக்கு 'மடக்கை' (ஓர் எண்ணைப் பெற 10 போன்ற அடியை எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்தவேண்டும் என்பது; 100 இற்கு 2, 1000 இற்கு 3) புதுச்சொல் அன்று. ஆயினும் கணினியில் வரைபு வரையத் தொடங்கியதும் அவரே 'லொக் அச்சு' என்கிறார். சிலர் 'பதிவு அச்சு' என்றும் பெயர்த்துவிடுகின்றனர். பின்னது பிழை. கணினிப் பதிவைக் குறிக்கும் 'லொக்', கப்பலின் வேகத்தை அளக்கக் கடலில் எறியப்பட்ட மரக்கட்டையின் பெயரிலிருந்து வந்தது. கணிதச் சொல்லோ, விகிதத்தைக் குறிக்கும் 'லோகோஸ்', எண்ணைக் குறிக்கும் 'அரித்மோஸ்' என்னும் கிரேக்கச் சொற்களை இணைத்து ஜோன் நேப்பியர் ஆக்கி, 1614 இல் தம் நூலில் வெளியிட்டது.

தமிழ்ச்சொல் 'மடக்கு' என்னும் வினையடியாகப் பிறந்தது. 'இரு மடங்கு' என்பதில் உள்ள மடங்கும் அதன் உறவே. (அணியிலக்கணத்து மடக்கில் மடங்கி வருவது சொல், இங்கே எண்.) இந்த அச்சின் இயல்பையும் அச்சொல்லே காட்டிவிடுகிறது: சம தூரம் சம கூட்டலைக் குறிப்பதில்லை, சம மடங்கைக் குறிக்கிறது. 10 இலிருந்து 100 இற்கும் 100 இலிருந்து 1000 இற்கும் இடைவெளி ஒன்றே. வாவி மீனொன்றின் நீளம் இரட்டித்தால் நிறை ஏறத்தாழ எட்டு மடங்காகும். சாதாரண அச்சுகளில் மேல்நோக்கி வளையும் அத்தொடர்பு, இரு அச்சுகளும் மடக்கையானால் சரிவு 3 இற்கு அண்மையான நேர்கோடாகிவிடும்.

உருவம் வரைவோர் தடுமாறுவதும் இங்கேதான். 100 ஐ மையமாகவும் 90 ஐ ஆரையாகவும் கொண்ட வட்டம் இடப்பக்கம் 10 வரையும் வலப்பக்கம் 190 வரையும் செல்லும். மடக்கை அச்சில் இடப்பக்கத் தூரம் 1, வலப்பக்கத் தூரம் ஏறத்தாழ 0.28. ஆகவே அது வட்டமாகத் தோன்றாது. செவ்வகம் செவ்வகமாகவே நிற்கும். ஆனால் அதன் கீழ்விளிம்பைப் பூச்சியத்தில் வைக்க முடியாது, பூச்சியத்துக்கு மடக்கை இல்லை.

'ஆர்' (R) என்னும் புள்ளிவிபரவியல் மென்பொருளின் அடிப்படை வரைகலையில் வரைபுப் புலத்தின் எல்லைகளைக் கேட்டால், மடக்கை அச்சுக்கு அது 10 ஐ அடியாகக் கொண்ட மடக்கைகளையே தரும். செவ்வகக் கட்டளையோ மூல எண்களை எதிர்பார்க்கும். ஒன்றை அப்படியே மற்றதற்குக் கொடுத்தால், 1000 இல் முடியவேண்டிய நிழற்றிய செவ்வகம் 3 இல் முடிந்துவிடும். ஆதலால் மூல எண்கள் எழுதப்பட்ட அச்சை மட்டும் 'மடக்கை அச்சு' என்றும், 1, 2, 3 என மடக்கைகளே எழுதப்பட்டதை 'மடக்கைப் பெறுமானங்களின் அச்சு' என்றும் பிரித்து வழங்குவது நன்று.