வெள்ளையாய் எதுவும் விழவில்லை, முருங்கை மட்டும் கருகிவிட்டது

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "மக்ளே, எம்மவ அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்ல இருக்கா. வீட்டுக்குப் பொறத்தால முருங்கை, கறிவேப்பிலை, ஒரு மூடு வாழ எல்லாம் நிக்கு. ராத்திரி நல்லாத்தான் நின்னுச்சாம். காலத்த பாத்தா எல எல்லாம் கரிஞ்சு தொங்குது. பனி அடிச்சிருக்குன்னு அடுத்த வீட்டுக்காரன் சொன்னானாம். வெள்ளையா ஒரு பொட்டு விழல, பொறவு எப்பிடி பனி? நாப்பத்தஞ்சு டிகிரி வெயிலடிக்க ஊரு அது. போன வாரம் வந்தவ ஒருத்தி முருங்கையப் பாத்து வாயப் பொளந்தாளாம். கண்ணேறுதான்னு நான் நெனைக்கேன்."

கண்ணேறு சங்கதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஊர். ஃபீனிக்ஸில் 1990 ஜூன் 26 அன்று வெயில் 50 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அதே ஊரில் 1913 ஜனவரியில் மைனஸ் 9. ராஜஸ்தானில் சூருவும் இதே ஜாதிதான்: 2019 ஜூனில் 50 டிகிரியைத் தாண்டியது, மார்கழி தையில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அங்கே ராணுவத்தில் இருந்த நம்மூர்க்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

காரணம் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். பகலில் வாங்கிய சூட்டை இரவில் மண்ணும் இலையும் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. நாகர்கோவிலில் அந்தச் சூட்டில் பெரும்பங்கை காற்றிலுள்ள நீராவி பிடித்து, நம் தலையிலேயே திரும்பப் போடும். மார்கழியிலும் பலர் ஃபேனை நிறுத்தாததன் ரகசியம் அது. ஃபீனிக்ஸ், சூரு மாதிரிப் பாலைவனத்து ஊர்களில் அந்தப் போர்வை கிடையாது. மேகமில்லாமல், காற்றும் அசையாமல் நின்றுவிட்டால், இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். செல்போன் 2 டிகிரி என்று காட்டும். இலையோ பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். நிலா வெளிச்சம் குளிரடிக்கும் என்று கிழவிகள் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. குளிரடிப்பது நிலா இல்லை, நிலா தெரியும்படி மேகமில்லாத வானம்.

இந்தத் தந்திரத்தை வைத்தே நம் நாட்டில் ஒரு காலத்தில் ஐஸ் தயாரித்தார்கள். அலகாபாத் பக்கம் குழி வெட்டி, காய்ந்த கரும்போ மக்காச்சோளத் தட்டையோ பரப்பி, அதன்மேல் அகலமான மண்சட்டிகளில் தண்ணீர் ஊற்றி ராத்திரி வைப்பார்கள். விடியுமுன் சட்டியில் ஐஸ் பிடித்திருக்கும். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம்.

சரி, வெள்ளையாய் ஏன் விழவில்லை? வெண்பனி என்பது காற்றிலுள்ள ஈரம் இலையின் மேல் படிந்து உறைவது. படிய ஈரமே இல்லாத காற்றென்றால் இலை பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே போனாலும் வெளியே ஒன்றும் தெரியாது. இன்னொரு கொடுமையும் உண்டு: ஈரம் படியும்போது கொஞ்சம் வெப்பத்தை இலைக்குக் கொடுக்கும், குளிர்வது மெதுவாகும். வறண்ட காற்றில் அந்த பிரேக்கும் கிடையாது. கருப்புப் பனி என்று இதைச் சொல்வார்கள். வெள்ளையாய் விழுவதைவிட மோசமானது.

ஐஸ் இருந்தது, ஆனால் இலைக்குள்ளே. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

தண்ணீர் பூஜ்யத்தில் உறையும் என்று படித்தோமே, அது முழு உண்மை இல்லை. பூஜ்யத்தில் உருகும் என்பது நிச்சயம். உறைவதற்குத் தொடங்குபுள்ளி ஒன்று வேண்டும். புள்ளி வைக்காமல் கோலம் போடச் சொன்னால் கை எங்கே போகும்? தண்ணீர் மூலக்கூறுகளும் அப்படித்தான் தடுமாறும். மேகத்தில் இருக்கும் தூய நீர்த்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் மிதக்கும். தூசியோ துகளோ கிடைத்தால் சீக்கிரம் உறையும். இலையில் அந்தப் புள்ளியை வைக்கும் கைகாரன் ஒரு பாக்டீரியா, சூடோமோனாஸ் சிரிஞ்சே. பெயர் கேட்டமாதிரி இருக்கிறதா? விதை நேர்த்திக்கு உரக்கடையில் பாக்கெட்டாக வாங்கும் சூடோமோனாஸின் ஒன்றுவிட்ட சகோதரன். அது நல்ல பிள்ளை, இது இப்படி. இதன் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தில் 16 அமினோ அமிலங்கள் கொண்ட வரிசை திரும்பத் திரும்ப வரும், பனிப்படிகத்தில் மூலக்கூறுகள் உட்காரும் இடைவெளிக்குப் பொருத்தமாக. தண்ணீர் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து மைனஸ் 2 டிகிரியிலேயே கோலத்தை முடித்துவிடும்.

ஐஸ் தொடங்கியாயிற்று. இனி, "தண்ணீர் உறைந்து பெருத்து செல்லை வெடிக்க வைக்கும்" என்று நானும் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் நடப்பது அதில்லை. செல்லுக்குள் சர்க்கரையும் உப்பும் கரைந்திருப்பதால் அது எளிதில் உறையாது. முதலில் உறைவது செல்களுக்கு இடையே இருக்கும் தண்ணீர். அந்த ஐஸ் சும்மா இருக்காது, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து, தான் வளரும். குளச்சல் கடற்கரையில் மீனைக் கீறி உப்பு தடவி வைத்தால் தண்ணீர் கசிந்து மீன் சுருங்குகிறதே, அதே வேலையை இங்கே ஐஸ் செய்கிறது. செல் உள்ளுக்குள் கருவாடாகிறது. சுருங்கிச் சுருங்கிச் சவ்வு கிழிகிறது. காலையில் வெயில் பட்டு ஐஸ் உருகியதும், கிழிந்த சவ்வு வழியே சாறு ஒழுகி, நறுக்கி வைத்த வாழைக்காய் போலக் கறுக்கிறது. அந்த முருங்கை செத்தது குளிரால் என்பதைவிடத் தாகத்தால் என்பதே சரி.

அந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் விஸ்கான்சினில், மக்காச்சோள இலைநோயை ஆராய்வதற்காகக் காய்ந்த இலையைப் பொடித்துச் செடிகள்மேல் தூவியிருந்தார்கள். பனி வந்தபோது தூவிய செடிகள் கருகின, பக்கத்தில் தூவாதவை தப்பின. ஏன் என்று தோண்டியபோதுதான் 1970களில் இந்தப் பாக்டீரியா அகப்பட்டது. ஐஸுக்குப் புள்ளி வைக்கும் புரதத்தின் மரபணுவை நீக்கிய வகையை 1987இல் கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய பாக்டீரியாவை அனுமதியோடு வெளியே விட்ட முதல் சம்பவம் அதுதான். எதிர்த்தவர்கள் செடிகளைப் பிடுங்கியெறிந்தார்கள். "இலைப்பொடி தூவப் பணம் வேண்டும்" என்று இங்கே ஒரு முனைவர் பட்ட மாணவி விண்ணப்பித்தால் என்ன பதில் வரும்? "இதனால் நாட்டுக்கு என்ன பயன்" என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள். ஊட்டியில் தலைக்குந்தாவில் தைமாதம் தேயிலை கருகும்போது மட்டும் எல்லோருக்கும் பயன் நினைவுக்கு வரும்.

வாழை கருக ஐஸ்கூடத் தேவையில்லை, வெறும் குளிரே போதும். குளிர்கிற காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியில் கட்டிப்பட்டுக் கிடக்கும், பக்கத்து நல்லெண்ணெய் உறையாமல் ஓடும். செல் சவ்வும் கொழுப்புதான். குளிர்நாட்டுச் செடிகள் குளிர் வருமுன் சவ்வை நல்லெண்ணெய்ப் பக்கம் மாற்றிக்கொள்ளும். வாழைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. மட்டிப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுப்பதும் இந்த வகைதான்.

அம்மா, கண்ணேறு என்று சொன்னீர்களே, அந்த வந்தவள் மேல் பழி போடாதீர்கள். அவள் வாய்பிளந்த அன்று ராத்திரியே கருகியிருந்தால்கூட ஒருவேளை நான் யோசிப்பேன். ஒரு வாரம் காத்திருந்து பலிக்கும் கண்ணை எங்கே தேடுவது?

மகளிடம் சொல்லுங்கள்: குளிர் எச்சரிக்கை வந்தால் பகலிலேயே மண்ணை நனைக்கட்டும், ஈரமண் சூட்டைச் சேர்த்து வைக்கும். சாயங்காலம் பழைய போர்வையைச் செடிமேல் போட்டுத் தரை வரை தொங்கவிட வேண்டும். மண்ணின் சூடு உள்ளே நிற்கத்தான் அது. போர்வைக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால், அது இலையைத் தொட்ட இடம் கருகும். உள்ளே ஒரு குண்டு பல்பு எரிந்தால் நல்லது, எல்.இ.டி. சூடு தராது. கருகிய கிளையைப் பங்குனி வரை வெட்ட வேண்டாம், அது கீழே இருப்பதற்குக் கூரை. உயிர் இருக்கிறதா என்று நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்கலாம்.

மறுநாளே பதில் வந்தது. "கீறிப் பாத்தாளாம் மக்ளே. முருங்கை மூட்டுல பச்சை இருக்காம். கறிவேப்பிலையும் பாதிவரை பச்சை. வாழதான் கொழகொழன்னு சரிஞ்சு கெடக்காம்." வாழை சரியட்டும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. தண்டைச் சுற்றி இலைச்சருகைக் குவித்து மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.