எக்சோசோம் சிகிச்சை: குப்பியின் லேபிளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

முடி உதிர்வுக்கும் முகப் பொலிவுக்கும் எக்சோசோம் சிகிச்சை தருவதாக அழகியல் மருத்துவ மையங்கள் விளம்பரம் செய்கின்றன. செல்கள் வெளியேற்றும் மிக நுண்ணிய பைகளே எக்சோசோம்கள். புரதம், ஆர்.என்.ஏ. போன்றவற்றை ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குக் கொண்டுபோகின்றன. மனிதக் கொழுப்புத் திசு, தொப்புள்கொடி, ரோஜாச் செடி எனப் பல மூலங்களிலிருந்து இவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது குப்பி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதை. தென்கொரியாவிலிருந்து வரும் பல குப்பிகள் அழகுசாதனப் பொருள்கள். தோலின் மேல் பூச மட்டுமே உரியவை. ஊசி மருந்துக்குக் கட்டாயமான கிருமிநீக்கம் அழகுசாதனத்துக்குக் கட்டாயமில்லை. மைக்ரோநீட்லிங் கருவியால் தோலைத் துளைத்துவிட்டு, "ஊசி போடவில்லை, பூசத்தான் செய்கிறோம்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். துளைத்த தோல் காயம்பட்ட தோல்தான்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்சோசோம் தயாரிப்புகளைச் செலுத்திக்கொண்ட சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அதையடுத்து 2019 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. நோயைக் குணப்படுத்தும் என்று விற்கப்படும் எக்சோசோம் மருந்தாகவே கருதப்படும், முன் அனுமதி வேண்டும், அப்படி அனுமதி பெற்ற தயாரிப்பு ஒன்றுகூட இல்லை என்று அது அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ மனித செல்களிலிருந்து பெற்ற எதையும் அழகுசாதனத்தில் சேர்க்கவே தடை விதித்திருக்கிறது.

இந்தியாவில், அழகுசாதன விதிகள் 2020-இன்படி, இறக்குமதியாகும் அழகுசாதனம் பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதன் எண்ணும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். "இது மருந்து" என்று சொன்னால் இன்னொரு விதி குறுக்கே நிற்கிறது: மருந்து விதிகள் 1945-இன் அட்டவணை ஜே-யில் வழுக்கை, இளநரை, தோல் நிறத்தை வெளுப்பாக்குதல் ஆகியவை இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது.

தயாரிப்பின் பெயரையும் பேட்ச் எண்ணையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். குப்பியைப் படம் எடுத்து வையுங்கள். பாதிப்பு ஏற்பட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எப்படித் தொடங்குவது என்று கேட்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.