சக்கர உறை அல்ல, சக்கரமூடி

மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டுவண்டியின் கையேட்டுத் தமிழாக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் உரக்கப் படிக்க, அத்தான் பின்சக்கரத்தின் முன் குந்தியிருந்தார். முதல் வரி: "சக்கர உறையை அகற்றவும்."

"உறையைத்தான் காலையிலேயே கழட்டி மடிச்சு வச்சாச்சேப்பா, இன்னும் எந்த உறை?" என்றார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. நிறுத்தி வைத்திருக்கும் வீட்டுவண்டியின் டயர் வெயிலில் வெடிப்பு விட்டுப் போகாமல் இருக்க, துணியிலோ ரெக்சினிலோ தைத்த ஓர் உறையை மாட்டி வைப்பார்கள். உறை என்றால் அவருக்கு அதுதான். எனக்கும் அதுதான். கையேடு சொல்ல வந்ததோ, ரிம்மின் மேல் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் எவர்சில்வர் தகட்டை. இரண்டாவது வரி, "மரைகளைத் தளர்த்தவும்." அத்தான் ஸ்பேனரை எடுத்து, தகட்டைப் பிடித்திராத வேறொரு நட்டின் மேல் வைத்துவிட்டார். நான் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று.

'சக்கர உறை' என்ற தொடரை இதற்கு முன்பும் பலமுறை பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். இனி கடக்க முடியாது.

முதலில் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வீல் கவர், ஹப் கேப் என்று இரண்டு உண்டு. கவர் என்பது லத்தீனின் கோபெரீரேயிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மூடுதல் என்று பொருள். கேப் என்பது பிற்கால லத்தீனின் கப்பா, தலைமூடும் துணி. ஹப் என்பது சக்கரத்தின் நடுக்கட்டை. ஆரம்பகாலக் கார்களில் ஹப் கேப் என்பது உள்ளங்கையளவு பித்தளை மூடி. உள்ளே கிரீஸ் வெளியேறாமலும் தூசி நுழையாமலும் காக்க, மரையிட்டுத் திருகி வைப்பார்கள். பேக்கார்டு கார்களில் அதன் நடுவே இருந்த சிவப்பு அறுகோணம் அந்த நிறுவனத்தின் அடையாளமாகவே ஆனது. பிறகு தகடு பெரிதாகி ரிம் முழுவதையும் மறைத்தபோது வீல் கவர் என்ற பெயர் வந்தது. நம் பேச்சில் இரண்டும் 'வீல் கப்'. கேப் என்பது கப் ஆனதும் பலர் அதைக் கிண்ணம் என்றே எண்ணிக்கொண்டார்கள். வடிவமும் அதற்கு ஒத்துப்போகிறது.

இப்போது உறைக்கு வருவோம். கத்திக்கு உறை, தலையணைக்கு உறை, கடிதத்துக்கு உறை, கைக்கு உறை. எல்லாவற்றிலும் பொருள் உள்ளே போகிறது, உறை அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. உறையிலிருந்து பொருளை உருவலாம். பொருளிலிருந்து உறையை உரிக்கலாம். சக்கரத்தின் முகத்தில் மட்டும் அமரும் ஒரு தகட்டுக்குள் சக்கரம் எங்கே போயிற்று? டயர் வெளியே இருக்கிறது, ரிம்மின் பின்பக்கம் வெளியே இருக்கிறது. பேனாவின் மேல் இருப்பதை மூடி என்கிறோம், பாட்டிலின் வாயில் இருப்பதை மூடி என்கிறோம், பாத்திரத்தின் மேல் இருப்பதை மூடி என்கிறோம். ஒரு பக்கத்தை மட்டும் மறைத்து, விளிம்பில் பிடித்து நின்று, இழுத்தால் வந்து, அழுத்தினால் உட்காரும் எதையும் தமிழன் மூடி என்றே சொல்லியிருக்கிறான். சக்கரமூடி என்று சொன்னால் பிள்ளைக்கும் புரியும்.

ஆங்கிலத்தில் கவர் என்ற ஒரே சொல் புத்தகத்துக்கும் கட்டிலுக்கும் காருக்கும் சக்கரத்துக்கும் போதும். தமிழ் அப்படியில்லை. அட்டை, உறை, மூடி, போர்வை, விரிப்பு, மறைப்பு என்று பிரித்து வைத்திருக்கிறது. அகராதியில் கவர் என்ற பதிவில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், இந்த வளத்தை எல்லாம் காலால் தள்ளிவிட்டுப் போகிறார். ஒருவர் 'சக்கர அட்டை' என்றே எழுதியிருந்தார். படித்ததும் எனக்குப் பள்ளி நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

உறைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: "மூடி என்றால் ஓட்டையை அடைப்பது, சக்கரத்தில் ஓட்டை ஏது?" ரிம்மின் முகத்தைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். நடுவில் அச்சின் முனை துருத்தி நிற்கிறது அல்லது குழிந்து போகிறது, சுற்றிலும் நட்டுகள், அவற்றுக்கு வெளியே கைநுழையும் துளைகள். வீட்டுவண்டியின் பின்பக்கம் இரட்டைச் சக்கரம் என்றால் ரிம் கிணறு போல் உள்வாங்கியிருக்கும். அந்தக் கிணற்றின் வாயில்தான் தகடு அமர்கிறது. மூடி என்பதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

இன்னொரு கட்சி, 'சக்கரக் கவசம்'. இதைக் கேட்க மிடுக்காக இருக்கும். ஆனால் தலைக்கவசம் தலையில் விழும் அடியைத் தாங்குகிறது. இந்தத் தகடு நடைபாதை விளிம்பில் உரசினாலே கழன்று ஓடிவிடும். அழுக்கையும் துருவையும் மறைத்து அழகு கூட்டுவதுதான் அதன் முதல் வேலை. கவசம் என்று பெயர் வைத்தால், மாட்டாமல் வண்டி ஓட்டுவது ஆபத்து என்று படிப்பவர் பயப்படுவார். மெல்லியதாய் இருப்பதைக் கனமாகச் சொல்வதும் பிழைதான்.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரட்டைச் சக்கரத்துக்கான எவர்சில்வர் மூடியை ஆங்கிலத்தில் வீல் சிமுலேட்டர் என்றும் சொல்வார்கள். மெருகேற்றிய அலாய் ரிம் போலத் தோற்றம் தருவதால் அந்தப் பெயர். அதைச் 'சக்கர உருவகப்படுத்தி' என்று மாற்றியிருக்கிறார்கள். பொருள் எது என்று ஒருமுறை படத்தைப் பார்த்திருந்தால் அந்தச் சொல் பிறந்தே இருக்காது.

ஹப்புக்கு என்ன சொல்வது என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. சிறுபாணாற்றுப்படையில் தேர்ச்சக்கரத்தைச் சொல்லும் இடத்தில் குறடு, ஆரம், நேமி மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன: நடுக்கட்டை, ஆரக்கால், சுற்றுவட்டம். குறடு அழகான சொல். ஆனால் இன்று குறடு என்றால் ஆணி பிடுங்கும் கருவி. கருவிப்பெட்டியைத் திறந்து வைத்துச் செய்யும் வேலையில் 'குறட்டுமூடி' என்று எழுதினால் குழப்பம் இன்னொரு வாசல் வழியாக உள்ளே வரும். வண்டி செய்யும் ஆசாரிகளின் நாவில் நின்ற சொல் குடம். வண்டிக்குடம் என்று அகராதியிலும் இருக்கிறது. வயிறு பெருத்த அந்தக் கட்டையைப் பார்த்தவன் வைத்த பெயர். வடமொழி அதே இடத்தை நாபி என்று தொப்புளாகப் பார்த்தது. ஆங்கிலத்தின் பழைய சொல்லான நேவ் என்பதும் தொப்புளைக் குறிக்கும் நேவலுக்கு உறவுதான். நம்மவர் குடத்தைப் பார்த்தார்கள். ஆகவே ஹப் கேப் என்பது குடமூடி. தண்ணீர்க்குடத்தின் மூடி என்று யாராவது நினைத்துவிடும் அபாயம் உண்டு. முதல் இடத்தில் மட்டும் 'சக்கரக்குட மூடி' என்று விரித்து எழுதினால் தீர்ந்தது.

நட்டு விஷயத்தில் தனித்தமிழ் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பாடநூலில் மரை என்றால் நட்டு. பட்டறையில் மரை என்றால் திருகாணியிலும் நட்டிலும் சுற்றிச்செல்லும் வரி. 'மரை தேஞ்சு போச்சு' என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. செய்பவன் கையில் ஸ்பேனர் இருக்கும்போது அவன் மொழிதான் செல்லும். நட்டு என்றே எழுதுங்கள். ஆனால் எந்த நட்டு என்று எழுதுங்கள்! பல சக்கரமூடிகளில் வட்டமாகத் தெரியும் எட்டு அல்லது பத்து நட்டுகளில் பெரும்பாலானவை வெறும் குல்லாய்கள். இரண்டு மட்டுமே மூடியைப் பிடித்திருக்கும். அவற்றுக்கும் அடியில்தான் சக்கரத்தைத் தாங்கும் உண்மையான நட்டுகள். வேறு சில மூடிகளில் நட்டே கிடையாது, விளிம்பிலுள்ள வில்பற்றிகளே, அதாவது ஸ்பிரிங் கிளிப்புகளே, பிடித்துக்கொள்ளும். போலி நட்டு, மூடி நட்டு, சக்கர நட்டு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லாத கையேடு எந்த மொழியில் இருந்தாலும் அரைகுறைதான்.

வினைச்சொல்லிலும் கோளாறு. ஆக்கிரமிப்பை அகற்றுவோம், குப்பையை அகற்றுவோம்; திரும்ப வராதபடி. செருப்பையும் மோதிரத்தையும் கழற்றுவோம், திரும்ப மாட்ட. ரீஃபிட் என்பதற்கு 'மறுபொருத்தம் செய்யவும்' என்று எழுதுகிறவர், தன் சட்டையை மறுபொருத்தம் செய்வாரா? கழற்று, மாட்டு. இரண்டு சொல்லில் வேலை முடிகிறது.

அன்று அத்தானோடு சேர்ந்து ஒரு மணி நேரம் போராடி மூடியைக் கழற்றி, இரட்டைச் சக்கரத்தில் உள்பக்கம் இருக்கும் டயரின் காற்றைப் பார்த்து, திரும்ப மாட்டினோம். மாட்டும்போது முதல்முறை வால்வுத் தண்டு துளைக்கு நேரே வரவில்லை. தகட்டின் விளிம்பு ரப்பர்த் தண்டின் மேல் ஏறி அதை மடக்கியிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் தண்டு அறுந்திருக்கும். இதைப்பற்றிக் கையேட்டில் இருந்த வரி: "உறையின் திறப்பைத் தண்டுடன் சீரமைக்கவும்." எந்தத் தண்டு என்று இல்லை.

மாலையில் அந்தப் பக்கத்தை நானே திருத்தி எழுதி அத்தானிடம் கொடுத்தேன். இதுதான் அது:

"டயர் உறை இருந்தால் எடுத்துவிடுங்கள். சக்கரமூடியைப் பிடித்திருக்கும் இரண்டு மூடி நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். சக்கர நட்டுகளைத் தொடாதீர்கள். நட்டு இல்லாத மூடி என்றால், துணி சுற்றிய தட்டையான நெம்பியை விளிம்பில் செருகி, ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச்சுற்றி வாருங்கள். மாட்டும்போது முதலில் காற்று வால்வைத் துளை வழியாக வெளியே எடுங்கள். பிறகு விளிம்பை எதிரெதிர்ப் பக்கமாக உள்ளங்கையால் தட்டி உட்கார வையுங்கள். நடுவில் தட்டினால் தகடு ஒடுங்கும். ஏதாவது காரணத்துக்காகச் சக்கரத்தையே கழற்றி மாட்டியிருந்தால், 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடிய பிறகு மூடியைக் கழற்றி, சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கிப் பாருங்கள்."