மருத்துவச்சிக்குக் கொடுத்த 2 டாலர்

அமெரிக்க வம்சாவளி தேடித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஏற்கெனவே ஒரு குடும்ப மரம் இருக்கும். இணையத்தில் யாரோ போட்டதை இன்னொருவர் எடுத்து, அவரிடமிருந்து மூன்றாமவர் எடுத்தது. போன வருடம் ஒருவர் கொண்டுவந்த மரத்தில், அவருடைய எள்ளுப்பாட்டி தலைப்பிள்ளையைப் பெற்றபோது அந்தம்மாவுக்கு வயது எட்டு! ஒரே பெயருள்ள இரண்டு பெண்களை யாரோ ஒருவராக ஒட்டிவிட்டார்கள். "இந்தப் பிறந்த வருடம் யார் சொன்னது?" என்று கேட்டேன். "நெட்டில் பதினோரு இடத்தில் இருக்கே" என்றார். பதினொன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுதான்.

இப்படி வருகிறவர்களிடம் ஹாரியட் டப்மனைப் பற்றிச் சொல்வேன். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, தப்பி, மறுபடி மறுபடி அங்கேயே போய் அடிமைகள் பலரை மீட்டு வந்தவர். அவ்வளவு பேர்பெற்றவருக்கே பிறந்த வருடம் மூன்று இருக்கிறது. பென்ஷன் மனுவில் 1825, இறப்புச் சான்றிதழில் 1815, கல்லறைக் கல்லில் 1820. இறப்புச் சான்றிதழை எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். அதில் இறந்த தேதியை நம்பலாம். பிறந்த தேதியைச் சொல்கிறவர் அந்தப் பிரசவத்தைப் பார்த்தவரா என்று யோசிக்க வேண்டாமா?

விடை ஒரு செலவுக் கணக்கில் கிடைத்தது. டப்மனின் தாய் ரிட், எட்வர்ட் ப்ரோடஸ் என்ற பையனின் 'சொத்து'. அவன் மைனர் என்பதால் கார்டியனாக இருந்தவர் மாற்றாந்தந்தை ஆண்டனி தாம்ப்ஸன். மைனர் சொத்தைக் கவனிக்கிறவர் வரவு செலவு எழுதியாக வேண்டும். அப்படி எழுதியதில் 1822 மார்ச் மாதம் ரிட்டுக்காக மருத்துவச்சிக்கு 2 டாலர் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. குழந்தையின் பெயர் அதில் இல்லை. ஆனால் 1849-ல் டப்மன் தப்பிப்போனதும் அவரைப் பிடித்துத் தரச் சொல்லி வந்த விளம்பரத்தில் 'மின்ட்டி, வயது சுமார் 27' என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1822 பொருந்துகிறது.

மின்ட்டி என்பதைக் கவனியுங்கள். அவர் பிறந்தபோது வைத்த பெயர் அரமின்ட்டா ராஸ். ஹாரியட் என்பது பிறகு அவராக எடுத்துக்கொண்டது, டப்மன் என்பது 1844 வாக்கில் ஜான் டப்மனைக் கட்டிக்கொண்டபின் வந்தது. 'ஹாரியட் டப்மன்' என்று மட்டும் தட்டித் தேடுகிறவருக்கு அதற்கு முந்தைய வாழ்க்கை கிடைக்கவே கிடைக்காது. மற்றக் குடும்பங்களிலும் இதே தொல்லைதான். மேரியைச் செல்லமாகப் பாலி (Polly) என்பார்கள், மார்த்தாவைப் பாட்ஸி (Patsy) என்பார்கள். கல்யாணம் ஆனால் குடும்பப் பெயரும் போய்விடும்.

சென்சஸ் கைகொடுக்காதா என்றால், 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி, மகள் எல்லாம் வயதுக் கட்டத்துக்குள் ஓர் எண்ணிக்கை. 1850-ல்தான் சுதந்திரமான ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதினார்கள். அடிமைகளுக்குத் தனிப் பட்டியல்: உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். அவர்கள் பெயரைப் பார்க்க 1870 வரை காத்திருக்க வேண்டும். 1890 கணக்கெடுப்போ 1921 தீ விபத்தோடு பெரும்பாலும் போய்விட்டது.

அதனால் நான் காசு போன வழியில் தேடுவேன். நிலம் விற்ற பத்திரத்தைப் பார்ப்பேன். கணவன் விற்றாலும் மனைவிக்கு அதில் பாத்தியதை உண்டு என்பதால், அவளைத் தனியாக அழைத்துச் சம்மதம் கேட்டு எழுதியிருப்பார்கள். உயில், கடன் வழக்கு, எல்லாவற்றையும்விட விதவை பென்ஷன் கோப்பு. டப்மனின் இரண்டாவது கணவர் நெல்சன் டேவிஸ் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், 1888-ல் இறந்தார். அவர் பட்டாளத்தில் இருந்தது நெல்சன் சார்லஸ் என்ற பெயரில். இருவரும் ஒருவர்தான் என்று டப்மன் நிரூபிக்க வேண்டியிருந்தது. முதல் கணவர் உயிரோடு இல்லை என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. இப்படி விதவைகளை அரசாங்கம் படுத்திய பாட்டில் நமக்குக் கிடைத்தது சத்தியப் பத்திரங்கள் நிறைந்த கோப்புகள். 1899-ல் அவருக்கு மாதம் 20 டாலராக உயர்த்திக் கொடுத்தார்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. எழுதப் படிக்கத் தெரியாத டப்மனே தன் குடும்ப ஆவணத்தைத் தேடியவர். 1840களில் ஒரு வக்கீலுக்கு 5 டாலர் கொடுத்துப் பழைய உயில்களைப் பார்க்கச் சொன்னார். ரிட்டின் முந்தைய உரிமையாளர் அத்தோ பாட்டிஸனின் உயில் கிடைத்தது. 45 வயதுக்கு மேல் ரிட் வேலை செய்ய வேண்டியதில்லை, விடுதலை என்று அதில் இருந்தது. அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. வாரிசுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1855-ல் ரிட்டின் கணவர் பென், அவரை 20 டாலர் கொடுத்து விலைக்கு வாங்கினார்.