உருமாறி

பார்த்தால் கைபேசி. பொத்தானை அமுக்கினால் மணி அடிக்கிறது. குழந்தை அதைக் காதில் வைத்து நீட்டி முழக்கிப் பேசுகிறது. அப்புறம் ஓரங்களைப் பிரித்து, நடுவில் 'டக் டக்' என்று இரண்டு திருகு. திரை மார்பாகிறது, பின்மூடி கால்களாகப் பிளக்கிறது, உள்ளே மடங்கிக் கிடந்த தலை நிமிர்கிறது; கைபேசி ரோபோ ஆகிவிடுகிறது. இந்த மாதிரிப் பொம்மைக்கு வழங்கும் பெயர் டிரான்ஸ்ஃபார்மர்.

சொல்லுக்கு வேர் லத்தீன். 'டிரான்ஸ்' என்றால் கடந்து, அப்பால். 'ஃபோர்மா' என்றால் வடிவம். பொம்மைக்கு இந்தப் பெயர் வந்தது 1984இல். ஜப்பானின் தகரா நிறுவனம் ஏற்கெனவே செய்துவந்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று பெயரிட்டு விற்றது. கார், லாரிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தகராவின் மைக்ரோமேன் வரிசையில் கேசட் ரெக்கார்டராகவும் கேமராவாகவும் மைக்ரோஸ்கோப்பாகவும் மாறுகிறவை இருந்தன. அந்த ரெக்கார்டர்தான் பிறகு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் சவுண்ட்வேவ் என்ற ரோபோ ஆனது. அதன் மார்புக் கதவைத் திறந்தால் உள்ளே குட்டி கேசட்; கேசட்டைப் பிரித்தால் அதுவும் ஒரு பறவையோ விலங்கோ குட்டி ரோபோவோ ஆகும். பாட்டு மட்டும் வராது!

சரி, தமிழில்? மின்சார டிரான்ஸ்ஃபார்மரை மின்மாற்றி என்கிறோம். அதே வழியில் இதை 'உருமாற்றி' என்று எழுதுவதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மாறு தன்வினை, மாற்று பிறவினை. மின்மாற்றி தான் மாறுவதில்லை, மின்னழுத்தத்தை மாற்றுகிறது. இந்தப் பொம்மையோ தானே வேறு உருவம் எடுக்கிறது. ஆகவே உருமாறி. (கணக்காகப் பார்த்தால், மடக்கித் திருகும் குழந்தைதான் உருமாற்றி.)

'உருமாறி வந்தான்' என்று வினையெச்சமாகவும் வருமே, குழம்பாதா என்று கேட்கலாம். வழிகாட்டி, நாடோடி, மரங்கொத்தி எல்லாம் இதே அச்சில் வார்த்த சொற்கள்தான். 'வழிகாட்டி அழைத்துப் போனார்' என்பதிலும் இரண்டு பொருள் உண்டு, யாரும் திண்டாடியதில்லை. உருமாறியை, உருமாறிகள் என்று உருபோ விகுதியோ ஏறிவிட்டால் சந்தேகமே இல்லை.

இது மாறி எடுக்கும் உருவம் ரோபோ; அந்தச் சொல்லின் கதை வேறு. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் வந்த சொல் அது. எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் 'ரொபோதா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் உழைக்கும் கட்டாய வேலை. தமிழில் எந்திரன் நன்றாக வேரூன்றிவிட்டது. எந்திரம், வடமொழி யந்திரத்தின் தமிழ் வடிவம். தனித்தமிழ் வேண்டுவோருக்குப் பொறியன் இருக்கிறது. சீவக சிந்தாமணியில் அரசி விசயை ஏறிப் பறந்த மயில் வடிவ ஊர்திக்கு மயிற்பொறி என்றுதான் பெயர், ஆகவே பொறி நமக்குப் புதிதல்ல. ஆனாலும் பேச்சில் எந்திரனே எளிதாக வருகிறது.

மிச்சம் இருப்பது அந்தப் போலிக் கைபேசி. 'விளையாட்டுக் கைபேசி' என்றால் கேம் ஆடும் கைபேசி என்று தோன்றிவிடும். 'போலி' என்றால் ஏமாற்றி விற்ற சரக்கு போல ஒலிக்கிறது. பொய்க்கால், பொய்முடி என்று சொல்கிறோமே, அந்த வரிசையில் பொய்க்கைபேசி பொருந்தும். ஆக, முழுப்பெயர் பொய்க்கைபேசி உருமாறி. குழந்தையைக் கேட்டால் இன்னும் சுருக்கமாக, 'சும்மாச்சுக்கும் ஃபோன்' என்று சொல்லிவிடும்.