நைட்ரஜனைக் கழிக்கும் பெட்டி

பெரியப்பா ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து சுங்கை சிப்புட் வீட்டுக்குத் திரும்புவதற்கு முதல் நாளே, அண்ணன் ஓடிப்போய் ஓர் ஆக்சிஜன் மெஷின் வாங்கி வந்துவிட்டார். கைப்பை அளவுதான். தோளில் மாட்டிக்கொள்ளலாம், பேட்டரியிலும் ஓடும். அதில் 1 முதல் 5 வரை எண்கள் இருந்தன. "டாக்டர் 2 லிட்டர் சொன்னாரா, அப்போ 2-இல் வையுங்கள்" என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிரவு பெரியப்பா வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கினார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டியிருந்தோம். அது 84 என்று குறைவாகக் காட்டியது.

மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. அவருக்குத் தேவையான வகை அதுவல்ல, அவ்வளவுதான். இது புரிய வேண்டுமானால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

உள்ளே ஆக்சிஜன் நிரப்பி வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரியம்மாகூட "எப்போது தீரும்?" என்று கேட்டார். தீராது. இந்த மெஷின் ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதும் இல்லை, தயாரிப்பதும் இல்லை. நம் வீட்டுக் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன், ஏறக்குறைய 1 விழுக்காடு ஆர்கான். அதில் நைட்ரஜனை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை மூக்குக்கு அனுப்புகிறது.

கழிக்கிற வேலையைச் செய்வது சியோலைட் என்ற தாதுவின் மணிகள். 1756-இல் சுவீடன் நாட்டு கனிமவியலாளர் அக்செல் குரோன்ஸ்டெட், ஒரு கல்லைச் சுடவைத்தபோது அதிலிருந்து நீராவி கொப்பளித்ததைப் பார்த்து, 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் இந்தக் கிரேக்கப் பெயரை வைத்தார். அந்த மணிகள் முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். பால் ஸ்டோரில் சல்லடையில் ரப்பர் பாலை வடிகட்டுவது போல, பெரியதை நிறுத்திச் சிறியதை விடும் கதை இல்லை இது. தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்துவிட்டு வந்தால் சிலுவாரெல்லாம் ஒட்டுப்புல் அப்பியிருக்கும், போட்டிருக்கும் ரப்பர் பூட்ஸில் ஒன்றுகூட ஒட்டியிருக்காது. அந்த மாதிரி, துளைகளுக்குள் இருக்கும் மின்னேற்றம் கொண்ட உலோக அயனிகள் நைட்ரஜனை வலுவாக இழுத்துப் பிடிக்கின்றன. ஆக்சிஜன் பெரும்பாலும் நழுவிப் போய்விடுகிறது. ஆர்கானும் கூடவே போவதால்தான் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் 95, 96 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

அழுத்தம் கூடினால் நைட்ரஜன் ஒட்டும், அழுத்தத்தை விட்டால் உதிரும். அதனால் உள்ளே இரண்டு குடுவைகள். ஒன்றில் காற்றை அழுத்தி ஆக்சிஜனைப் பிரிக்கும்போது, மற்றொன்று தான் பிடித்து வைத்த நைட்ரஜனை வெளியே விடுகிறது. சில விநாடிக்கு ஒருமுறை 'புஸ்' என்று கேட்கிறதே, அது வேலை மாறும் சத்தம். இந்த இரட்டைக் குடுவை முறைக்கு அமெரிக்காவின் சார்ல்ஸ் ஸ்கார்ஸ்ட்ரோம் 1960-இல் காப்புரிமை பெற்றார். அறையிலுள்ள ஆக்சிஜனையெல்லாம் மெஷின் உறிஞ்சிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். கழித்த நைட்ரஜனும் அதே அறைக்குத்தான் வருகிறது, பிரித்த ஆக்சிஜனும் அதே அறையில் இருப்பவருக்குத்தான் போகிறது.

இப்போது அண்ணன் வாங்கிய பெட்டிக்கு வருவோம். அது மூச்சை உள்ளே இழுப்பதை உணர்ந்து, அந்த நேரத்தில் மட்டும் ஒரு வீச்சு ஆக்சிஜனை விடும் வகை. எடை குறையும், பேட்டரி நீடிக்கும், வெளியே போய்வர நல்லது. ஆனால் அதிலுள்ள '2' என்பது நிமிடத்துக்கு 2 லிட்டர் அல்ல, ஓர் அடையாள எண். கம்பெனிக்குக் கம்பெனி அதன் அளவு வேறு. தூக்கத்தில் வாயால், மேலோட்டமாக மூச்சு விடுபவரின் இழுப்பை அது உணராமலேயே போகலாம். பெரியப்பாவுக்கு வேண்டியது, நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை இடைவிடாமல் தரக்கூடிய மெஷின். மறுநாளே மாற்றினோம்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "எத்தனை லிட்டரில் எத்தனை விழுக்காடு?" என்பதுதான். காற்று வேகமாக ஓடினால் மணிகளுக்கு நைட்ரஜனைப் பிடிக்க நேரம் கிடைக்காது. மலிவான சில மெஷின்களின் அட்டையில் '7 லிட்டர், 90 விழுக்காடு' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்த 90 கிடைப்பது 1 லிட்டரில். 7-க்குத் திருப்பினால் 30-க்கு இறங்கிவிடும். நோயாளிக்கான மெஷின், முழு ஓட்டத்திலும் 82 விழுக்காட்டுக்குக் குறையாமல் தர வேண்டும். குறைந்தால் எச்சரிக்கை ஒலியும் அடிக்க வேண்டும்.

டாக்டர் சொன்ன அளவை நாமாகக் கூட்டக் கூடாது. சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88-இலிருந்து 92 வரை இருந்தால் போதும் என்றுதான் பொதுவாக டாக்டர்கள் பார்க்கிறார்கள். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்க நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். நாளுக்கு 15 மணி நேரமாவது போட வேண்டும் என்று சொல்லியிருந்தால், 8 மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றி வைப்பதும் தவறு.

ஆக்சிமீட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளை விரலுக்குள் விட்டு, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறது. 1974-இல் ஜப்பானின் தகுவோ அவோயாகி கண்டுபிடித்த முறை. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும் என்பதுதான் சிக்கல். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் ரத்தத்தையே எடுத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. கறுப்பின நோயாளிகளிடம் நூற்றுக்கு ஏறக்குறைய 12 அளவீடுகளில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களிடம் அது 4-கூட இல்லை. நம்மில் பலர் கறுப்புத்தான். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

மெஷின் எடுப்பது வீட்டுக் காற்றைத்தான் என்பதால் அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பெரியம்மா முதலில் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு வாரத்தில் வடிகட்டிப் பஞ்சு சாம்பிராணிப் புகையில் கறுத்துவிட்டது. அதைவிடப் பெரிய ஆபத்து விளக்கு. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதைப் பன்மடங்கு வேகமாக எரிய வைக்கும். தீ 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மூக்கோரம் தைலமும் வேண்டாம், புகைப்பவர் பக்கத்திலேயே வரக் கூடாது. குளியலறை ஈரமும் ஆகாது, சியோலைட் நைட்ரஜனைவிடத் தண்ணீரை இன்னும் இறுகப் பிடிக்கும். சுவரை ஒட்டாமல், காற்றோட்டமாக வையுங்கள்.

கரண்டும் இழுக்கும். 350 வாட் மெஷின் நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 8 யூனிட், மாதத்துக்கு 250 யூனிட். இடி மின்னலில் கரண்ட் போகும் ஊர் இது. அதனால் ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்து, அதைத் திறக்க வீட்டில் இருவராவது பழகியிருக்க வேண்டும்.

இப்போது மெஷின் ஹாலில் இருக்கிறது, 10 மீட்டர் குழாய் வாசல் வரை எட்டுகிறது. காலையில் பெரியப்பா அங்கே உட்காருவதற்கு முன், பெரியம்மா ஒரு கிளாஸ் தண்ணீரில் மூக்குக் குழாயின் நுனியை முக்கிப் பார்க்கிறார். குமிழி வந்தால் துடைத்து மாட்டிவிடுகிறார். வராவிட்டால் நாற்காலிக் கால் எங்கே குழாயை மிதித்திருக்கிறது என்று தேடிக்கொண்டு போகிறார்.