நொதி மருந்தை அழிக்கிறதா, எழுப்பிவிடுகிறதா?

பார்மசி மாணவர்களுக்கு மரபணுக்களைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் தொடங்குகிறது. எந்த மரபணு, அதில் எத்தனை வகை, ஒவ்வொரு வகையையும் குறிக்கும் நட்சத்திர எண் என்ன... மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியதும் எல்லாம் போய்விடும். என்னைக் கேட்டால் டிபி மாத்திரையில் தொடங்குங்கள் என்பேன், அதுவும் சென்னையிலிருந்தே.

காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மருந்தைக் கல்லீரலில் உள்ள என்ஏடி2 என்ற நொதி (என்சைம்), ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டிச் செயலிழக்க வைக்கிறது. இந்த நொதிக்கான மரபணு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேகமாகச் செயலிழக்கச் செய்பவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும், மெதுவானவர்களுக்கு மூன்று மணி நேரம் வரை ஆகும். தென்னிந்தியர்களில் பாதிக்கு மேல் மெதுவானவர்கள்தான். 1956இல் மதராஸில் தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம், அதாவது இன்று சேத்துப்பட்டில் இருக்கும் அதே நிறுவனம், இதை நோயாளிகளிடமே பார்த்தது: தினமும் மருந்து கொடுத்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரேபோல் குணமானார்கள், ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கொடுத்தபோது வேகமானவர்களுக்குப் பலன் குறைந்தது. மெதுவானவர்களுக்கு வேறு சிக்கல், கைகால் எரிச்சலும் மரத்துப்போவதும் அவர்களுக்குத்தான் அதிகம், அதைத் தடுக்கத்தான் கூடவே வைட்டமின் பி6. இந்த ஒரு மருந்தை வைத்தே மரபணு, நொதி, டோஸ், பக்க விளைவு என்று நான்கையும் கோத்துக் காட்டிவிடலாம்.

சரி, ‘நொதி மெதுவாக இருந்தால் மருந்து தேங்கும்’ என்று மாணவர்கள் பிடித்துக்கொண்டதும், அதற்கு நேர்மாறான மருந்தைக் கொடுக்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் குளோபிடோகிரல் விழுங்கும்போது வேலை செய்யும் நிலையிலேயே இருக்காது, கல்லீரலில் முக்கியமாக சிஒய்பி2சி19 நொதிதான் அதைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுகிறது. இங்கே நொதி மெதுவாக இருந்தால் மருந்து போதிய அளவு எழும்பாது, ஸ்டென்டில் ரத்தம் உறையலாம். அமெரிக்க மருந்து ஆணையம் 2010இலேயே இதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. இந்த நொதியை முடக்கும் மரபணு வகை ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடம் அதிகம் என்பதால், இது நம் மாணவர்களுக்குத் தள்ளிவைக்கக்கூடிய பாடம் இல்லை.

வலிக்குக் கொடுக்கும் கோடீன் இன்னொரு பக்கம். அதை மார்ஃபினாக மாற்றும் சிஒய்பி2டி6 நொதியின் மரபணு சிலருக்கு இரண்டுக்கும் மேற்பட்ட பிரதிகளாக இருக்கும், அவர்களுக்கு வழக்கமான டோஸே அளவுக்கு மீறிய மார்ஃபினாகிவிடும். டான்சில் அறுவைக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இப்படி மூச்சு அடங்கி இறந்திருக்கிறார்கள்.

ஆகவே எந்த மரபணு அறிக்கையைப் பார்த்தாலும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த நொதி இந்த மருந்தை அழிக்கிறதா, எழுப்பிவிடுகிறதா என்பதுதான். எண்களை எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பார்மசி மாணவர்கள் விரும்பினால் தங்கள் சொந்த மரபணுத் தரவையே வைத்துப் படிக்கலாம், வேண்டாம் என்பவர்களுக்குப் பெயர் நீக்கிய வேறொருவரின் தரவு. தன் உடம்பைப் பற்றிய பாடம் மனதில் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ‘விரும்பினால்’ மிக முக்கியம், மதிப்பெண் போடும் ஆசிரியர் மாணவரின் மரபணுவைக் கேட்கும் இடத்தில் இருக்கக்கூடாது.

அவ்வளவு செலவில்லாமலும் நன்றாகச் சொல்லித்தர முடியும். ஒரு மருந்துச்சீட்டைக் கையில் கொடுங்கள்: குளோபிடோகிரல், கூடவே வயிற்றுக்கு ஒமெப்ரசோல், மரபணு அறிக்கையில் சிஒய்பி2சி19 இயல்பு. பட்டியலை மட்டும் படித்தவர் சிக்கல் இல்லை என்பார். ஆனால் ஒமெப்ரசோல் அதே நொதியைத் தடுக்கிறது, எனவே மரபணு நன்றாக இருந்தும் நொதி மந்தமாகத்தான் வேலை செய்யும். அந்த நோயாளி சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒன்றாகப் பார்க்கும் பார்மசிஸ்ட், மருத்துவரை அழைத்து, ஒமெப்ரசோலுக்குப் பதில், இந்த நொதியை அவ்வளவாகத் தடுக்காத பான்டோபிரசோல் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டும்.